ஊசி பிடிக்கும் கையை எப்படி எடைபோடுவது? எலெக்ட்ரோலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒரு விளக்கம்

மேலுதட்டிலும் மோவாயிலும் முடி வளரும் பெண்கள், ஊசி வழியே மின்சாரம் செலுத்தி முடியின் வேரை அழிக்கும் எலெக்ட்ரோலிசிஸ் பற்றி விசாரிக்கும்போது இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். வலிக்குமா? எத்தனை ரிங்கிட் ஆகும்? இரண்டும் நியாயமானவை. ஆனால் இவற்றைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஊசியைப் பிடித்திருப்பவர் வேலையைச் சரியாகச் செய்கிறாரா?

கேட்காததற்குக் காரணம் உண்டு. இது கூச்சத்தோடு செய்துகொள்ளும் சிகிச்சை. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ புருவத்துக்குத் திரெடிங் செய்யப் போனால் தோழியிடம் சொல்வார்கள். தாடையில் முடி எடுக்கப் போனதை அக்கா தங்கையிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒருவருடைய அனுபவம் இன்னொருவருக்குப் போய்ச் சேருவதே இல்லை. முகத்தின் மேல் விளக்கு எரிய, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்ற குரலை நம்பி மாதக்கணக்கில் போய்வருகிறார்கள். முடி குறைகிறதா என்பது தெளிவாகத் தெரியாமலே ஒன்றரை வருடம் ஓடிவிடுகிறது. அதற்குள் மோவாயில் கரும்புள்ளிகள் விழுந்திருந்தால், "நம்ம தோல் அப்படித்தான்" என்ற பதில் வருகிறது.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் கவனமாகச் செய்த எலெக்ட்ரோலிசிஸ் நன்றாகவே ஆறும். செய்பவரின் கை நல்லதா என்பதை வாடிக்கையாளரே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஊசி உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும்.

உள்ளே நடப்பது

இந்த முறை அழகு நிலையத்தில் பிறக்கவில்லை. 1875ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்ல்ஸ் மிஷெல், இமை முடி உள்பக்கமாக வளர்ந்து விழியை உரசும் நோயாளிகளுக்காக இதைப் பற்றி எழுதினார். அந்த முடியைப் பிடுங்கினால் மறுபடி முளைத்தது. மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் விட்டு மின்சாரம் செலுத்தியபோது முளைப்பது நின்றது. இன்றைக்கும் அடிப்படை அதுவேதான். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி இறங்க வேண்டும், அடிவேரை அழிக்க வேண்டும்.

அழிக்கும் வழி மூன்று. பழைய வழி கால்வானிக். நேர் மின்னோட்டம் பாயும்போது மயிர்க்காலில் இருக்கும் உப்பும் ஈரமும் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரமாக மாறி வேரைக் கரைத்துவிடும். மெதுவான முறைதான், ஆனால் உறுதியானது. இரண்டாவது தெர்மோலிசிஸ். 1924ல் பிரான்சின் லியோன் நகரில் ஹென்றி போர்டியே என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தியது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் வேரைச் சுற்றியுள்ள ஈரத்தைச் சூடாக்கி வேரை வேகவைக்கிறது. இன்றைய கருவிகளில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில்கூட இது முடிந்துவிடும். மூன்றாவது பிளெண்ட். காரத்தையும் சூட்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒரு முடிக்குப் பல நொடிகள் எடுக்கும்.

எந்த முறை சிறந்தது என்று ஆளுக்கு ஆள் வாதிடுவார்கள். என் கணிப்பில் முறையைவிடக் கைதான் பெரிது. மூன்றுமே சரியாகச் செய்தால் வேலை செய்யும். ஆனால் உங்களுக்கு எந்த முறையில் செய்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கேட்டால் உடனே சொல்லக்கூடிய பதில் அது. கால்வானிக், பிளெண்ட் இரண்டிலும் மின்சுற்று முழுமையாக வேண்டும் என்பதால் உங்கள் கையில் ஓர் உலோகக் குழாயைப் பிடிக்கச் சொல்வார்கள், அல்லது உடம்பில் ஈரமான பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். தெர்மோலிசிஸுக்குப் பொதுவாக அது தேவையில்லை. கையில் எதையும் கொடுக்காமல், உடம்பில் எதையும் ஒட்டாமல் "பிளெண்ட் பண்றேன்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே சந்தேகப்படலாம். நேர் மின்னோட்டத்தில் ஊசி எதிர்முனையாக இருப்பது அவசியம். முனை மாறிவிட்டால் ஊசியின் உலோகம் தோலுக்குள் கரைந்து, பச்சை குத்தியது போன்ற கறுப்புப் புள்ளி நிலைத்துவிடும். கருவியைத் தெரிந்தவருக்கு இந்தத் தவறு நேராது.

ஊசியே இல்லாமல், மின்சார ட்வீசரால் முடியைப் பிடித்து இழுப்பதையும் சில இடங்களில் எலெக்ட்ரோலிசிஸ் என்றே விற்கிறார்கள். அப்படிச் செய்தால் முடி நிரந்தரமாகப் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசி இறங்கவில்லையென்றால் அது வேறு ஏதோ வேலை.

லேசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எலெக்ட்ரோலிசிஸை நிரந்தர முடி நீக்கம் என்கிறது. லேசருக்கு நிரந்தரக் குறைப்பு என்று சொல்லவே அனுமதிக்கிறது. லேசர் முடியின் கருநிறத்தைத் தேடிப் போகிறது, ஆகவே நரைத்த முடியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நம் போன்ற நிறத் தோலில், அதுவும் ஹார்மோன் காரணமாக முகத்தில் வளரும் பூனைமுடியில், லேசருக்குப் பிறகு முடி கூடிப்போவதும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் விஷயம். தாடையோரம் லேசர் செய்து ஏமாந்து எலெக்ட்ரோலிசிஸுக்கு வரும் இந்தியப் பெண்கள் இருப்பது இதனால்தான். ஏற்கெனவே பணம் செலவழித்து, நொந்து வருபவர்கள் அவர்கள். இரண்டாவது முறையும் அவர்கள் ஏமாறக் கூடாது.

முடி கழலும் கணம்

படுக்கையில் படுத்திருக்கும்போதே கவனிக்கக்கூடிய முதல் அடையாளம் இது. ஊசி மயிர்க்காலுக்குள் இறங்குவதை நீங்கள் உணரவே கூடாது. மயிர்க்கால் ஏற்கெனவே இருக்கும் திறப்பு. ஊசி அதற்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஊசி போட்டது போலச் சுருக்கென்று குத்தினால், சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள். ரத்தம் துளிர்த்தாலும் அப்படித்தான். எப்போதாவது ஒன்றிரண்டு நேரலாம். திரெடிங்காலும் வேக்சிங்காலும் வருடக்கணக்கில் இழுபட்ட மயிர்க்கால்கள் வளைந்து நெளிந்து போயிருக்கும், அவற்றில் நல்ல கையும் தடுமாறும். ஆனால் ஒரே அமர்வில் பத்து இடத்தில் ரத்தம் துளிர்த்தால், அவருக்குக் கோணம் பிடிபடவில்லை.

மின்சாரம் பாயும்போது வலி இருக்கும். சூடு, கொட்டல், ஆழத்தில் ஒரு சுள்ளென்ற உணர்வு. ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி மாறும். மேலுதட்டின் நடுப்பகுதியில் கண்ணீர் தானாக வரும். வலி இல்லாத எலெக்ட்ரோலிசிஸ் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். வலி அதிகமாக இருப்பதாலேயே வேலை நன்றாக நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். வலியைக் கொண்டு தரத்தை அளக்க முடியாது. எங்கே வலிக்கிறது என்பதைக் கவனித்தால்தான் உபயோகம். ஆழத்தில் உணர்வது இயல்பு. தோலின் மேற்பரப்பு எரிந்தால், ஊசி போதிய ஆழத்துக்குப் போவதற்கு முன்போ வெளியே வரும்போதோ மின்சாரம் பாய்ந்திருக்கிறது. மேல்தோலைச் சுட்டு, கரும்புள்ளி விழ வைப்பது அதுதான்.

பிறகு ட்வீசர் வருகிறது. வேர் அழிந்த முடி பழுத்த வெள்ளரிப்பழம் கொடியை விட்டுக் கழல்வது போல வந்துவிடும். இழுக்கும் உணர்வே இருக்காது. பிடுங்குவது போன்ற இழுப்பு, சின்னதாக ஒரு பொட் என்ற தெறிப்பு தெரிந்தால், வேர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே முடியைப் பிடுங்கியிருக்கிறார்கள். எலெக்ட்ரோலிசிஸ் விலையில் நடந்தது வெறும் பிளக்கிங். கண்ணை மூடிக்கொண்டே ஒரு அமர்வு முழுக்க இதை மட்டும் கவனித்துப் பாருங்கள். பத்தில் எத்தனை முடி இழுபட்டு வந்தது? ஒன்று என்றால் பரவாயில்லை. ஐந்து, ஆறு என்றால் சொல்லிவிட வேண்டும். "அக்கா, இது பிடுங்குற மாதிரி இருக்கே" என்றதும் நல்லவர் மின்சார அளவைக் கூட்டுவார், நேரத்தைக் கூட்டுவார், அல்லது ஊசியை மாற்றுவார். ஊசியின் பருமன் முடியின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். தடித்த தாடை முடிக்கு மிக மெல்லிய ஊசி போதாது. கோபப்பட்டால், அல்லது "முடின்னா அப்படித்தான் வரும்" என்றால், அந்த அறையை விட்டு வெளியே வர அதுவே போதுமான காரணம்.

எடுத்த முடியைக் காட்டச் சொல்லுங்கள். வளரும் பருவத்தில் இருந்த முடியின் அடியில் ஈரமான, கருத்த குமிழும் அதைச் சுற்றிக் கண்ணாடி போன்ற மெல்லிய உறையும் தெரியும். ஓய்வுப் பருவத்து முடியின் அடியில் சின்ன வெளிர்க் கட்டி மட்டும் இருக்கும். அந்த ஓய்வு முடி எப்படியும் சுலபமாக வந்துவிடும். அதனால் சுலபமாக வந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. உறையோடு வரும் கருத்த வேர்கள் இழுபடாமல் வருகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தோல் சொல்வது

அமர்வு முடிந்ததும் சிவப்பும் லேசான வீக்கமும் இருப்பது சகஜம். சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். சிலருக்கு ஊசிமுனை அளவில் பொருக்கு கட்டும், பிளெண்டிலும் கால்வானிக்கிலும் இது கொஞ்சம் அதிகம். கிள்ளாமல் விட்டால் தானாக உதிரும்.

இயல்பில்லாதவை இவை: சிகிச்சையின் போதே தோல் வெளுத்துப் போவது, கொப்புளம், பெரிய பொருக்கு, நீர் வடிதல், சீழ். வாரக்கணக்கில் ஆறாத கரும்புள்ளிகள் வரிசையாக விழுந்தால் ஒரே இடத்தில் அளவுக்கு மீறிச் சூடு போயிருக்கிறது. எல்லாவற்றிலும் மோசமானது குழி. கரும்புள்ளி மாதக்கணக்கில் மங்கிவிடும், குழி விழுந்தால் நிலைத்துவிடும். மேலுதட்டில் இது சீக்கிரம் நேரும், ஏனெனில் அங்கே முடிகள் நெருக்கமாக இருக்கின்றன. அனுபவம் உள்ளவர் அடுத்தடுத்த முடிகளை வரிசையாக எடுத்துக்கொண்டே போக மாட்டார். இங்கொன்று அங்கொன்றாக எடுத்து, நடுவில் இருப்பதை அடுத்த முறைக்கு விடுவார். உங்கள் மேலுதட்டில் ஒரு கட்டத்தை அப்படியே மொட்டையாக்கிவிட்டு "பாருங்க எவ்வளவு சுத்தம்" என்று கண்ணாடியைக் காட்டினால் எனக்குப் பயம்தான் வரும்.

நம் தோல் காயத்துக்குப் பிறகு கறுக்கும் இயல்புடையது என்பது உண்மை. அந்த இயல்பை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது செய்பவரின் கடமை. முதல் நாளே தாடைக்கு அடியில் மறைவான இடத்தில் சில முடிகளை மட்டும் எடுத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து அது எப்படி ஆறியிருக்கிறது என்று பார்த்த பிறகு முகத்தில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

வாடிக்கையாளர் பங்கும் இருக்கிறது. கோலாலம்பூர் வெயிலில் மறுநாளே குடையும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் நடந்தால் யார் கை வைத்தாலும் கறுக்கும். ஓரிரு நாளுக்கு மேக்கப், மஞ்சள், எலுமிச்சை எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். மஞ்சள் நல்லதுதானே என்று பாட்டி சொல்வார், ஆனால் திறந்திருக்கும் மயிர்க்காலில் அரைத்த எதையும் பூசுவது எரிச்சலையும் தொற்றையும் அழைத்து வரும்.

இங்கே இன்னொரு ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தழும்பு கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லாரும் அதற்குப் பயப்படுகிறார்கள். செய்பவரும் பயப்படுகிறார். பயந்து மின்சாரத்தை மிகக் குறைவாக வைத்து, முடியைப் பாதி உயிரோடு பிடுங்கி எடுக்கிறார். தோல் பளபளவென்று இருக்கிறது, சிவப்பே இல்லை, வலியும் குறைவு. வாடிக்கையாளருக்கு ரொம்பத் திருப்தி. இரண்டு மூன்று மாதத்தில் அதே முடிகள் திரும்பி வருகின்றன, மறுபடி அதே அமர்வு. இப்படி வருடங்கள் போகின்றன. முகத்தில் எந்தத் தடயமும் இல்லாததால் யாரும் இதைத் தவறான சிகிச்சை என்று நினைப்பதில்லை. என் கணிப்பில் அதிகம் பேர் ஏமாறுவது தழும்பு போடுபவர்களிடம் இல்லை, இப்படி மென்மையாகப் பிடுங்குபவர்களிடம்தான்.

நிமிடங்கள் குறைய வேண்டும்

இந்த இரண்டாவது ஏமாற்றத்தைப் பிடிக்க ஒரே கருவி கடிகாரம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் படுத்திருந்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. ஒரு பகுதி வளர்ந்துகொண்டிருக்கும், ஒரு பகுதி ஓய்வில் தோலுக்கு அடியில் இருக்கும். இன்றைக்குத் தெரியும் முடியை எல்லாம் எடுத்துவிட்டாலும், தூங்கிக்கொண்டிருந்த மயிர்க்கால்கள் அடுத்தடுத்த வாரங்களில் விழித்துக்கொள்ளும். அவை திரும்பி வந்த முடிகள் இல்லை, முதல் தடவையாகக் கண்ணில் படுபவை. சிகிச்சைக்கு மூன்று நாள் கழித்துக் குச்சி குச்சியாகத் தெரிபவையும் அப்படித்தான். அன்றைக்கு அவை தோலுக்கு மேலே வந்திருக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டாவது மாதமே நம்பிக்கை இழப்பவர்கள் உண்டு. நல்லவரைக்கூட அவர்கள் தவறாக எடைபோட்டு விட்டுவிடுகிறார்கள்.

சரியான சிகிச்சையின் போக்கு இப்படி இருக்கும். ஆரம்பத்தில் அமர்வுகள் நீளமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தப் பகுதி முழுவதும் ஒருமுறை சுத்தமாகிவிடும். அதற்குப் பிறகு, முடி தலைகாட்டும்போதெல்லாம் போய் எடுத்துக்கொண்டு வந்தால், ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியைச் சுத்தமாக்க ஆகும் நேரம் குறைந்துகொண்டே வர வேண்டும். உதாரணத்துக்கு, முதல் சுத்தத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் எடுத்த மோவாய், ஆறேழு மாதத்தில் இரண்டு வாரத்துக்கு 20 நிமிடம் என்று வர வேண்டும். அப்புறம் மாதம் 10 நிமிடம். வருகிற முடியும் மெலிந்திருக்க வேண்டும். முகத்தில் முழுப் பலன் கிடைக்க ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆவது இயல்பு. ஹார்மோன் தொல்லை இருந்தால் இன்னும் நீளும். முழுத் தாடியை எடுக்க வரும் திருநங்கைகளுக்கு மொத்த நேரம் 100 மணியைத் தாண்டுவது சாதாரணம். அவர்களும் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான், அளவு மட்டும் பெரிது.

எட்டு ஒன்பது மாதம் தவறாமல் போயும் அதே பகுதிக்கு அதே ஒரு மணி நேரம் ஆகிறதா? முடி அதே தடிப்பா? இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒன்று, வேர் அழியவில்லை. இன்னொன்று, முதல் சுத்தமே நடக்கவில்லை. ஒரு மணி நேர வேலை இருக்கும் முகத்துக்கு மாதம் அரை மணி நேரம் மட்டும் போய்வந்தால் எந்தக் காலத்திலும் முடிவு தெரியாது. இந்தக் கணக்கை முதல் நாளே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் நேர்மையானவர். "வர முடிஞ்சப்போ வாங்க" என்று விடுபவருக்கு உங்கள் முகம் சரியாவதில் அக்கறை இல்லை.

இங்கேதான் பேக்கேஜ் விஷயம் வருகிறது. பத்து அமர்வு இவ்வளவு, இருபது அமர்வு இவ்வளவு என்று முன்பணம் வாங்குவது நம் ஊர் அழகு நிலையங்களில் பரவலான வழக்கம். வேக்சிங்குக்கும் ஃபேஷியலுக்கும் அது பொருந்தலாம். எலெக்ட்ரோலிசிஸுக்குப் பொருந்தாது. நிமிடத்துக்குப் பணம் கொடுக்கும்போது, வேலை நடந்தால் உங்கள் பில் தானாகக் குறைகிறது. பில் குறையவில்லையென்றால் உங்களுக்கே கேள்வி வரும். பேக்கேஜில் அந்த அடையாளம் அழிந்துபோகிறது. 15 நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று நேரத்துக்கு விலை சொல்பவரையே தேடுங்கள்.

திரெடிங்கை நிறுத்தாமல் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. நூலில் இழுத்தாலும் ட்வீசரில் இழுத்தாலும் வேக்ஸில் இழுத்தாலும் முடி வேரோடு போய்விடுகிறது, ஊசிக்கு வழிகாட்ட எதுவும் மிச்சமில்லை. மயிர்க்கால் கொஞ்ச நாள் கழித்து வேறொரு கால அட்டவணையில் முளைக்கிறது. முதல் சந்திப்பிலேயே "இனிமேல் அந்த இடத்தில் திரெடிங் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லாதவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. திரெடிங்கும் எலெக்ட்ரோலிசிஸும் ஒரே பகுதிக்கு ஒரே கடையில் மாற்றி மாற்றிச் செய்து பணம் வாங்குவது வெளிப்படையான தவறு. இடையில் வேண்டுமானால் கத்தரிக்கலாம், ஷேவ் செய்யலாம். முகத்தில் பிளேடு பட்டால் முடி அடர்ந்து வளரும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. 1928லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர் அளந்து பார்த்து, ஷேவ் செய்வதால் முடியின் நிறமோ தடிப்போ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று வெளியிட்டார். வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் சொரசொரவென்று படுகிறது, அவ்வளவுதான். போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஷேவ் செய்துவிட்டுப் போனால், மறுபடி தலைகாட்டுபவை எல்லாம் வளரும் பருவத்து முடிகளாக இருக்கும். ஊசி மிக நன்றாக வேலை செய்வது அவற்றில்தான்.

கல்யாணப் பெண்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இரண்டு மாதத்தில் முகூர்த்தம் என்று வருபவரிடம் "அதுக்குள்ள முடிச்சிடலாம்" என்பவர் பொய் சொல்கிறார். தேதியை வைத்து எந்த வாரத்தோடு நிறுத்தினால் சிவப்பும் பொருக்கும் இல்லாமல் மேடையேறலாம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர், தொழிலை அறிந்தவர்.

அவர் உங்களிடம் கேட்பது

நீங்கள் கேட்கும் கேள்விகளைப் போலவே அவர் உங்களிடம் கேட்பதும் அவர் தரத்தைக் காட்டும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? முடி எப்போதிலிருந்து வளர ஆரம்பித்தது? பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருப்பது பல வருடம் கழித்தே கண்டுபிடிக்கப்படும் பெண்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம், இந்தப் பிரச்சினை உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருப்பதாகச் சொல்கிறது. ஊசி இருக்கும் முடியை அழிக்கும், ஹார்மோன் புதிய முடியைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கவனித்தால்தான் செலவுக்குப் பலன். முடி திடீரென்று சில மாதத்தில் பெருகினால், குரல் தடித்தால், முன்னந்தலையில் முடி கொட்டினால், அழகு நிலையத்துக்குப் போகும் முன் கிளினிக்குக்குப் போக வேண்டும். அதை வாய்திறந்து சொல்லும் அக்கா உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் பணத்தை விட்டுக்கொடுக்கிறார், அவரை மறக்காமல் திரும்ப வாருங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறதா, நீரிழிவு இருக்கிறதா, காயம் பட்ட இடத்தில் கீலாய்டு என்ற தழும்பு தடித்து வளருமா, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்தீர்களா, கர்ப்பமா என்பவையும் கேட்கப்பட வேண்டும். ஒன்றுமே கேட்காமல் படுக்கையைக் காட்டினால் திரும்பிவிடலாம்.

சுத்தத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உறை பிரிக்காத, கிருமி நீக்கிய ஊசியை உங்கள் கண்முன்னே திறக்க வேண்டும். அது உங்களுக்கு மட்டும், முடிந்ததும் கூர்மையான கழிவுகளுக்கான பெட்டியில் போக வேண்டும். பெயர் எழுதி அடுத்த முறைக்கு எடுத்து வைக்கும் வழக்கத்தை ஏற்க வேண்டாம். கையுறை புதிது. ட்வீசர் ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கருவியில், வைத்து எடுத்தது. ஹெப்படைடிஸ் பி போன்ற வைரஸ்கள் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியிலும் பரவும், ஆகவே இதில் பேரம் கிடையாது. இன்னொன்றையும் பாருங்கள்: உருப்பெருக்கி. நல்ல விளக்கும் கண்ணாடியும் இல்லாமல் வெறும் கண்ணால் மயிர்க்காலைத் தேடுபவர் குத்துமதிப்பாகத்தான் குத்த முடியும்.

சுவரில் இருக்கும் சான்றிதழ்களை என்ன செய்வது? மலேசியத் திறன் சான்றிதழ், சிடெஸ்கோ, சிப்டாக் போன்ற சர்வதேச அழகுக்கலைச் சான்றிதழ்கள் என்று மாட்டியிருப்பார்கள். முறையாகப் படித்தவர் என்பதற்கு அவை அடையாளம், மதிக்க வேண்டியவை. ஆனால் அழகுக்கலைப் படிப்பு பரந்தது. ஃபேஷியல், மசாஜ், நகம் எல்லாம் சேர்ந்தது. அதில் ஊசியில் எவ்வளவு பயிற்சி, இப்போது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எலெக்ட்ரோலிசிஸ் செய்கிறார் என்று தனியாகக் கேளுங்கள். இது கை பழகப் பழக வரும் வேலை. மாதத்துக்கு ஒரு வாடிக்கையாளர் மட்டும் வருபவரின் கைக்கு அந்தப் பழக்கம் வருவது கடினம்.

மாற வேண்டி வந்தால்

அடையாளங்கள் எல்லாம் தவறாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். "இவ்வளவு நாள் போயாச்சே" என்பது தொடர்வதற்குக் காரணம் ஆகாது. தோல் முழுதாக ஆறும் வரை வேறு யாரிடமும் ஊசி போடாதீர்கள். பொருக்கோ சீழோ இருந்தால் முதலில் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதிய இடத்துக்குப் போகும்போது நீங்கள் எழுதி வைத்த தேதிகளையும் நிமிடங்களையும், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள். எந்த முறையில் செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். திறமையானவர் அந்தத் தாளைப் பார்த்தே எங்கே தவறியது என்று ஓரளவு கண்டுபிடித்துவிடுவார்.

பேக்கேஜுக்குக் கட்டிய பணம் மீதி இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரமாக வையுங்கள். தர மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. பிரச்சினை எழுந்த மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். ஆனால் கொடுத்த பணத்துக்கும் கிடைக்காத சேவைக்கும்தான் அந்த மன்றம். முகத்தில் விழுந்த குழிக்கும் தழும்புக்கும், அதாவது உடற்காயத்துக்கு, அங்கே இழப்பீடு கேட்க முடியாது. அதற்குச் சிவில் நீதிமன்றம் போக வேண்டும், தோல் மருத்துவரின் அறிக்கை கையில் வேண்டும். அந்த அறிக்கைக்காகத் தழும்பு தெரிந்த உடனேயே, அது மங்குவதற்கு முன், படமெடுத்து மருத்துவரிடம் காட்டிப் பதிந்துவிடுங்கள்.